புளோரிடாவுக்குப் போய்வந்தவர்

பஸ் பிந்திவிட்டது என்று சொல்ல உலகத்தில் மற்றவர்களுக்கு ஒரு வசனம் போதும். அவருக்குப் போதாது.

"தங்கச்சி, ஆறு பத்து பஸ் ஆறு இருபத்துமூண்டுக்குத்தான் வந்தது. ட்ரைவர் புது ஆள், இடக்காதில வளையம். முன்கதவு பாதிதான் திறந்தது. ஒரு மனிசி நாய்க்குட்டியைக் கோட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு ஏறினவ. நாய்க்கு நாலு காலும் வெள்ளை."

நான் ஏன் பிந்தினீர்கள் என்று கேட்கவில்லை. காலை வணக்கம்தான் சொன்னேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதிலும் ஒரு திருத்தம் சொல்ல எங்கிருந்தாவது கூப்பிடுவார். நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன், பிரெஞ்சுக்காரர்கள் முசியூ என்று கூப்பிட்டார்கள். மொன்ட்ரியாலின் வடகிழக்கு மூலையில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் நாங்கள் வேலை செய்தோம். நான் மடிப்பு மேசையில். அவர் துவைக்கும் பக்கம், எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்கிற ஆள். இரத்தமா, மருந்தா, குழம்பா என்று துணியைத் தொட்டே சொல்வார். குழம்பென்றால் எந்த மாடி நோயாளி என்றும் சொல்வார். அது உண்மையா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை, சொன்ன விதத்தில் பார்க்கத் தோன்றாது.

"சப்பாத்தைச் சொல்லு தங்கச்சி, ஆளை நம்புவினம்" என்பது அவர் அடிக்கடி சொல்கிற பொன்மொழி. ஒருவன் வந்தான் என்று சொன்னால் சந்தேகப்படுவார்களாம். சேறு படிந்த மண்ணிறச் சப்பாத்தோடு ஒருவன் வந்தான் என்றால் தேத்தண்ணி ஊற்றிவைத்துக் காத்திருப்பார்களாம். அவருடைய மனைவி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை பார்த்தார். அந்த அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்: "உப்பு வாங்கி வரச் சொன்னால் கடைக்காரன்ர கலியாணக் கதையோட வருவார். உப்பு வராது."

மாசி பிறந்தால் எங்கள் சாப்பாட்டறையில் சண்டை பிறக்கும். பேஸ்போல் சண்டை. மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற நம்முடைய ஊர் எல்லே விளையாட்டுக்குப் பணக்காரச் சொந்தக்காரன் இருந்தால் அவன்தான் பேஸ்போல். மொன்ட்ரியாலுக்கென்று ஓர் அணி இருந்து, இருபது வருடங்களுக்கு முன்னர் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டது. மிஞ்சிய இரசிகர்கள் கொஞ்சக் காலம் துக்கம் காத்துவிட்டு, ரீவியில் அதிகம் காட்டுகிற வேறோர் ஊர் அணியைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். தத்துப்பிள்ளை என்பதால் திட்டுவதற்கு மனச்சாட்சி குறுக்கே நிற்பதில்லை.

இங்கே முழங்கால்வரை ஸ்னோ கிடக்கும்போது அந்த அணி புளோரிடா வெயிலில் வசந்தகாலப் பயிற்சி செய்யும். அந்த நாட்களில் வென்றாலும் கணக்கில்லை, தோற்றாலும் கணக்கில்லை. அதனாலேயே விவாதிக்க வசதி. கடைசியில் இருபத்தாறு பேர் மிஞ்ச வேண்டும். யாரை வைப்பது, யாரை வெட்டுவது, பயிற்சி மைதானம் சரியா, ஜிம் சரியா, வீரர்களுக்கு நிழல் இருக்கிறதா என்று எங்களவர்கள் அரை மணித்தியாலச் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்க்கப் பார்ப்பார்கள். தங்கள் மேசைக்கு மேலே ஒழுகுகிற கூரையைப் பற்றி அவர்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

சண்டைக்குத் தலைவர் ரெஜான். மிசின் பழுதுபார்க்கும் மெக்கானிக், ஆறடி உயரம், அறுபது வயது, இங்கேயே பிறந்து வளர்ந்த கியூபெக்காரர். எல்லாம் பிரெஞ்சில்தான் நடக்கும். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

அண்ணை முதல் சில வருடங்கள் ஒரு மூலையில் இருந்து அவித்த முட்டையை உரித்தபடி கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். ஒருநாள் ரெஜான் அந்தப் பயிற்சி இடத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். புதிதாகக் கட்டியது, ஒரு குறை சொல்ல முடியாது என்றார்.

"சலவை சரியில்லை," என்றார் அண்ணை முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அறுபது பேருக்கு நாலு மிசின்தான். எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு, சுடுதண்ணியும் பிளீச்சும் விட்டு அடிக்கிறாங்கள். செம்மண் கறைக்கு முதல்ல பச்சைத்தண்ணி விடவேணும். பிளீச் பட்டால் கறை துணியைக் கலியாணம் கட்டிப்போடும். ரீவியில பாருங்கோ, எல்லாற்ற முழங்காலும் றோஸ் நிறம்."

"உமக்கு எப்படித் தெரியும்?" என்று ரெஜான் கேட்டார்.

"நான் போனனான். ரெண்டு வருசத்துக்கு முந்தி. மூண்டாம் கேற்றால போனால் இடப்பக்கம் சலவை அறை. கதவு பச்சை, கீழ்ப்பக்கம் துருப்பிடிச்சிருக்கு."

அன்று பின்னேரம் நான்கு பெரிய மனிதர்கள் கைத்தொலைபேசியில் விளையாட்டு வீரர்களின் முழங்காலைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். றோஸ்தான். செம்மண்ணில் விழுந்து எழும்புகிறவனின் முழங்கால் வேறு என்ன நிறத்தில் இருக்கும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் மைக்ரோவேவுக்குப் பக்கத்துக் கதிரை அவருக்குக் கிடைத்தது. அது எளிதில் கிடைக்கிற கதிரை இல்லை.

பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் அவருடைய புளோரிடா வளர்ந்தது. இரண்டாம் மைதானத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மரம் முளைத்தது. அதன் கீழே நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு மர வாங்கில் வந்தது. மூன்றாம் கேற்றில் ஒரு நொண்டிக் காவல்காரர் வேலைக்குச் சேர்ந்தார். குழாய்த் தண்ணீரில் கூழ்முட்டை மணம் வந்தது. இருபத்தாறு பேரில் யாரை வைப்பது என்ற கேள்வியில் அவருடைய சொல்தான் கடைசிச் சொல்.

"அந்த இடக்கைக்காரன் வேண்டாம்," என்பார். "நல்லா எறியிறான்தான். ஆனால் கார்க் கதவைக் காலால சாத்துறவன். நான் கண்டனான்."

இடக்கைக்காரனை உண்மையிலேயே அந்த வருடம் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை அசைக்க யாராலும் முடியவில்லை.

எனக்கு மட்டும் சங்கதி தெரியும். அவருடைய குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்தது நான். கோட்-டே-நேஜில் அவருடைய வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து, கனடாவுக்கு வெளியே போய்வந்த நாட்களை எழுது என்ற கேள்விக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன்.

"பூச்சியம்," என்றார்.

"பாஸ்போர்ட்?"

"எடுக்கேல்லை. இந்த ஊருக்கு வந்து இறங்கின நாளிலையிருந்து எல்லையைத் தாண்டேல்லை, தங்கச்சி."

"அப்ப புளோரிடா?"

"அது வேற."

"என்ன வேற?"

"இதில கையெழுத்துப் போடவேணும். சாப்பாட்டறையில ஆர் கையெழுத்துக் கேட்டது?"

நான் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பெருந்தன்மையால் அல்ல. ஆறடி மெக்கானிக்குகள் அவர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு இருப்பதைப் பார்க்க எனக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. அந்தச் சந்தோசத்தை நானே கெடுப்பானேன்?

கெடுக்க வேண்டிய நாள் ஒரு தை மாதத்தில் வந்தது. ரெஜான் சாப்பாட்டறைக்குள் வந்து, இருக்காமல் நின்றபடியே, பங்குனியில் தானும் மனைவி ஜினெட்டும் புளோரிடாவுக்குக் காரில் போவதாகச் சொன்னார். பயிற்சி பார்க்க. நாங்கள் கைதட்டப் போனோம், அவருடைய முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினோம்.

ஜினெட்டுக்கு மறதி தொடங்கியிருந்தது. கைத்தொலைபேசி ஃபிரீசருக்குள் இருந்ததாம். தங்கையைப் பார்த்து யாரென்று கேட்டாராம். போக வேண்டிய இடம் ஏதும் இருந்தால் இந்த வருடமே போங்கள் என்று டொக்டர் சொன்னாராம். இரண்டு பேரில் பேஸ்போல் பைத்தியம் ஜினெட்தான், ரெஜான் அவரிடம் படித்தவர். காதலிக்கிற காலத்தில் மைதானத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் கொப்பியில் எழுதுவாராம், ரெஜான் கையைப் பிடிக்க வந்தால் பென்சிலால் குத்துவாராம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் கேட்டது அந்தப் பயிற்சியைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டுவிட்டதாக ரெஜான் சொன்னார். சொல்லிவிட்டுச் சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து அண்ணைக்கு முன்னால் இருந்தார்.

"சொல்லும். ஜினெட்டை அலையவைக்க ஏலாது. எல்லாம் விபரமாச் சொல்லும்."

இப்போதாவது நழுவுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். "எட்டு மணிக்கு மூண்டாம் கேற்றுக்குப் போங்கோ. மற்றக் கேற்றுகளில சனம். அந்தக் காவல்காரரிட்டை, மனிசிக்குச் சுகமில்லை எண்டு சொன்னால் கதிரை தருவார், நல்ல மனிசன். மடாமை மரத்துக்குக் கீழ வாங்கிலில இருத்துங்கோ. பத்தரைக்குப் பிறகுதான் அங்க வெயில் வரும். விளையாடுறவங்கள் அந்த வழியாலதான் போவாங்கள், கூப்பிட்டால் நிப்பாங்கள்."

ரெஜான் ஒவ்வொரு சொல்லாக எழுதினார். பத்தரை என்பதன் கீழே கோடு கீறினார்.

அன்று பஸ் தரிப்பில் அவரைப் பிடித்தேன். "அண்ணை, நாளைக்குச் சொல்லிப்போடுங்கோ."

"என்னத்தை?"

"வாங்கில் இல்லை எண்டு."

"வாங்கில் இல்லாத மைதானம் எங்கயும் இருக்கோ தங்கச்சி?"

"நொண்டிக் காவல்காரர்?"

கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவு பெரிய இடத்தில ஆராவது ஒருத்தன் நொண்டாமலோ இருப்பான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பகிடி இல்லை அண்ணை. மறதி பிடிச்ச மனிசியைக் கையில பிடிச்சுக்கொண்டு அந்தாள் உங்கட மரத்தைத் தேடித் திரியப்போறார். காலமெல்லாம் கேட்ட ஒரே ஆசை அந்த மனிசிக்கு. அது உங்கட பொய்யில போய் முடியப்போகுது."

அவர் கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"நான் வந்த புதுசில அகதி விசாரணையில கேட்டவை," என்றார். "வீட்டுக்கு எத்தினை பேர் வந்தவங்கள் எண்டு. தெரியாது, குப்புறப் படுக்கச் சொன்னவங்கள், நான் நிலத்தைத்தான் பார்த்தனான் எண்டன். என்ன சப்பாத்து எண்டு கேட்டவை. கண்ணை மூடியிருந்தனான் எண்டன். உங்கட வீட்டுக் கதவு மரமோ தகரமோ எண்டு கேட்டவை. எங்கட வீட்டுக் கதவு, தங்கச்சி. அந்த நேரம் அது வாயில வரேல்லை. விபரம் இல்லை, நம்ப ஏலாது எண்டு எழுதிப்போட்டினம். என்னோட அறையில இருந்த பெடியனுக்கு ஒண்டுமே நடக்கேல்லை. ஏழு பேர், கறுப்புச் சப்பாத்து, பெரியவனுக்குத் தங்கப் பல்லு எண்டு சொன்னான். அவனுக்குக் குடுத்திட்டினம்."

"பிறகு உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது?"

"ரெண்டாம் தரம் கேக்கேக்க நானும் ஒரு பல்லு வைச்சன். நடந்தது அதேதான். பல்லு மட்டும் புதுசு."

அதைக் கேட்டு எனக்குத் துக்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை. "ரெஜான் உங்களை விசாரிக்கேல்லையே அண்ணை," என்றேன். பஸ் வந்தது. ட்ரைவரைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை மூன்று தரம் ரெஜானிடம் உண்மையைச் சொல்லப் போனார். நான் மடிப்பு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் தரம் போனவர் ஒரு எலுமிச்சை மரத்தோடு திரும்பி வந்தார். இரண்டாம் தரம் அந்தக் காவல்காரருக்கு ஒரு பேரப்பிள்ளை பிறந்தது. மூன்றாம் தரம் என்ன சேர்த்தாரென்று நான் கேட்கவில்லை.

ரெஜான் போன இரண்டு கிழமையும் அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. பயிற்சி ஆட்டம் ஒன்றையும் பார்க்கவில்லை, புளோரிடாக் காலநிலையை மட்டும் பார்த்தார். அங்கே மழை என்றால் முகம் தெளியும். "மழையில மைதானத்துக்குப் போகமாட்டினம், என்ன?" என்று என்னைக் கேட்பார். ஒருநாள் சத்திரசிகிச்சைப் பச்சைத் துணியை வெள்ளைத் துணியோடு போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியின் இரண்டு மாடிகளுக்கான கட்டில்விரிப்புகள் முழுக்க வெண்டிக்காய் நிறத்தில் வந்தன. அவருடைய இருபது வருட வேலையில் அதுதான் முதல் பிழை.

ரெஜான் திரும்பி வரும் திங்கட்கிழமை அவர் இஸ்திரி போட்ட சேட்டோடு வந்தார். "இண்டைக்குச் சொல்லுறன்," என்றார். முகத்தைப் பார்த்தேன், இம்முறை சொல்லத்தான் போகிறார்.

ரெஜான் வந்தார். முகம் வெயிலில் சிவந்திருந்தது. எல்லோரும் சுற்றிக்கொண்டோம். அவர் அண்ணையைப் பார்த்து, "முசியூ, எல்லாம் நீர் சொன்னபடியே இருந்தது," என்றார். "மூன்றாம் கேற். அந்த நொண்டிக் காவல்காரர் கதிரை தந்தார். மரத்துக்குக் கீழே வாங்கில். வெயில் சரியாகப் பத்தரைக்கு வந்தது. தண்ணியில் கூழ்முட்டை மணம்."

அப்படியென்றால் மரம் உண்மையிலேயே இருக்கிறதா? நான்தான் ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டுவிட்டேனா? அண்ணையைப் பார்த்தேன். அவர் ரெஜானின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார், முட்டையை உரிக்கவில்லை.

பின்னேரம் பஸ் தரிப்பில் சொன்னார்: "அவர் போகேல்லை."

"என்ன அண்ணை சொல்லுறீங்கள்?"

"ஒரு பிழையும் வரேல்லை, தங்கச்சி. போனவன் எண்டால் என்னோட சண்டைக்கு வருவான். மரம் அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் எண்டுவான். இவர் நான் சொன்னதைப் பாடமாக்கிச் சொல்லுறார். முகத்தைப் பார்த்தனீரோ? இடப்பக்கம்தான் சிவந்திருக்கு. அது புளோரிடா இல்லை, பலகனி. ஒரு பக்கம்தான் வெயில் விழும்."

பொய்யை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்க, ஒருவர் எவ்வளவு காலம் அந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும்! ஆனால் அவருடைய குரலில் வெற்றி இல்லை. ஏதோ தானே எல்லையில் பிடிபட்டதுபோல் இருந்தார்.

மறுநாள் மடிப்பு மேசையில் என்னோடு நிற்கிற ஹெயிட்டிக்காரப் பெண் நல்ல மனதோடுதான் கேட்டாள். "ரெஜான், ஜினெட்டின் படம் ஒன்று காட்டு. அந்த மரத்துக்குக் கீழே எடுத்ததை."

ரெஜான் போனை எடுத்தார். திரையைப் பெருவிரலால் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். இப்போது வலப்பக்கக் கன்னமும் சிவந்துவிட்டது.

"படம் எடுக்க விட்டிருக்கமாட்டினம்," என்றார் அண்ணை. அவித்த முட்டையை உரித்துக்கொண்டே சொன்னார். "இந்த வருசம் புது ஆக்கள். கேற்றிலேயே போனை வாங்கி நீலப் பையில போட்டு, ஒரு துண்டில நம்பர் எழுதிக் குடுக்கினம். உமக்கு என்ன நம்பர், ரெஜான்?"

ரெஜான் அவரைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்தேன்.

"நாற்பத்தொன்று," என்றார் ரெஜான்.

"பாத்தீங்களோ," என்றார் அண்ணை. இந்தக் காலத்தில் எல்லா இடமும் அப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். கதை இடக்கைக்காரர்களைப் பற்றித் திரும்பியது.

வேலை முடிந்து போகும்போது ரெஜான் எங்களை நடைவழியில் மறித்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாரும். எல்லையோடு திரும்பிவிட்டோம். ஆனால் போய்வந்தோம் என்று ஜினெட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அந்த நாள் ஞாபகமில்லை. எனக்கு நீர் சொன்ன அளவுதான் தெரியும், முடிந்துபோய்விட்டது. நீர் வந்து மிச்சத்தைச் சொல்லும்."

தன்னிடம் மிச்சம் இருப்பதும் புனைந்த சரக்குத்தான் என்று அண்ணை அப்போதும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். என்னிடம், "நீரும் வாரும். தனியப் போகப் பயமாக் கிடக்கு," என்றார். ஒரு கதை சொல்ல அவர் பயந்ததை அன்றுதான் கண்டேன்.

ரெஜானின் வீடு மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி. வெளிப்பக்கத்து இரும்புப் படியில் இன்னும் ஐஸ் இருந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். பலகனியில் ஒரு கதிரை, இடப்பக்கம் மட்டும் வெயில் விழும்படி. அண்ணை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஜினெட் மெலிந்த பெண். வெள்ளை முடியை ஒழுங்காகச் சீவி யாரோ கிளிப் குத்தியிருந்தார்கள். ரெஜான் குத்தியதாகத்தான் இருக்கும், கோணலாக இருந்தது. எங்களைச் சோபாவுக்கு எதிரே இருத்திவிட்டு ரெஜான் கோப்பி போட உள்ளே போனார். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். காலை எட்டு மணி, புல்லில் ஈரம், வீரர்கள் கை காட்டிக்கொண்டு போகிறார்கள், ஒருவன் பந்தை எறிய ஒரு கிழவர் தொப்பியால் பிடிக்கிறார், எலுமிச்சம்பூ மணம். நன்றாகத்தான் சொன்னார். ஜினெட் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

பிறகு, "நீ அங்கே போனதில்லை," என்றார்.

அண்ணை நிறுத்திவிட்டார்.

"அங்கே போனவர்கள் முதலில் சொல்வது அலுப்பைத்தான். பேஸ்போலில் முக்கால்வாசி நேரம் ஒன்றும் நடக்காது. காத்துக்கொண்டு இருக்க வேணும். உன் கதையில் எந்த நேரமும் ஏதோ நடக்கிறது."

நான் அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை, சப்பாத்தைத்தான் பார்த்தேன். ஒரு கால் மற்றக் காலின் மேல் ஏறியது.

"இல்லை, மடாம்," என்றார். "போகேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். ஜினெட் கையை நீட்டி அவருடைய முழங்காலில் இரண்டு தரம் தட்டினார்.

"நாங்களும் போகவில்லை. எல்லையில் அந்தச் சீருடைக்காரர் காருக்குள் குனிந்து பார்த்தார். அவர் யார், நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. பயந்து அழுதுவிட்டேன். ரெஜான் காரைத் திருப்பினார். வழி முழுக்க என் கையை விடவில்லை." குரலைத் தாழ்த்திச் சமையலறைப் பக்கம் பார்த்தார். "என் தங்கையின் பெயர் எனக்கு இப்போது வருவதில்லை. அந்த நாள் மட்டும் போகமாட்டேன் என்கிறது. அவருக்குச் சொல்லிப்போடாதே. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் அந்தப் பயணத்தை எனக்குச் சொல்கிறார். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்கிறார், தெரியுமா?"

ரெஜான் கோப்பித் தட்டோடு வந்தார். "எதுவரைக்கும் சொன்னீர்?" என்று கேட்டார்.

ஜினெட் நகர்ந்து சோபாவில் இடம் விட்டு, "இனி நீ சொல்லு ரெஜான்," என்றார். ரெஜான் இருந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பாடமாக்கியதைச் சொல்லத் தொடங்கினார். கேற்றைச் சொன்னார், கதிரையைச் சொன்னார், வாங்கிலைச் சொன்னார். அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை. கோப்பியைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். அண்ணை குனிந்துகொண்டார்.

"பிறகு மழை வந்தது," என்றார் ஜினெட், அண்ணையை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "நீ உன் கோட்டை என் தலைக்கு மேலே பிடித்தாய். இரண்டு பேரும் நனைந்துவிட்டோம்."

ரெஜான் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார், கண் நிறைந்திருந்தது.

"பாருங்கோ," என்றார். "அவளுக்கு ஞாபகம் வருது."